மிளகுத்தண்ணீர் கப்பலேறிய கதை



ஆங்கில அகராதி ஒன்றை எடுத்து 'எம்' எழுத்தில் தேடிப் பாருங்கள். 'மல்லிகட்டானி' என்று ஒரு சொல் இருக்கும். காரமான ஒரு வகை சூப் என்று பொருள் போட்டிருப்பார்கள். அதை வாய்விட்டு இரண்டு முறை சொல்லிப் பார்த்தால் உங்கள் வீட்டுப் பாட்டியின் குரல் கேட்கும். மிளகுத்தண்ணி! ஆம், நம்முடைய மிளகுத்தண்ணீர்தான். பேச்சு வழக்கில் மொளவுத்தண்ணி என்று வழங்கும் அதே பண்டம். அடுப்படியில் மண்சட்டியில் கொதித்த ஒன்று எப்படிக் கடல் தாண்டிப் போயிற்று, குளிர்நாட்டில் என்னவெல்லாம் வேடம் போட்டது, எப்படிப் பருப்பு சூப் ஆயிற்று, பிறகு நம் மலாயாத் தோட்டங்களுக்கு எந்த வழியாக வந்தது என்பதையெல்லாம் இன்றைய பேச்சில் காண்போம்.

முதலில் பெயரைக் கவனிப்போம். பெயரில் இருப்பது மிளகு, மிளகாய் அன்று. இன்று நாம் காரம் என்றதும் மிளகாயை நினைக்கிறோம். ஆனால் மிளகாய் நமக்கு வந்த விருந்தாளி. அதன் தாயகம் அமெரிக்கக் கண்டம். 1498-இல் வாஸ்கோ ட காமா கோழிக்கோட்டில் வந்து இறங்கிய பிறகு, போர்த்துக்கீசியர் வழியாகத்தான் அது இந்தியாவுக்குள் நுழைந்தது. புதிதாக வந்த அந்தக் காய்க்கு நம் முன்னோர் பெயர் தேடியபோது, மிளகு போல் உறைக்கும் காய் என்று மிளகு+காய் எனச் சேர்த்து மிளகாய் என்றார்கள். ஆகவே மிளகாய் தெரியாத காலத்திலும் மிளகு போட்டுக் கொதிக்க வைத்த நீர் தமிழர் வீட்டில் இருந்திருக்கும். சளி பிடித்தால், காய்ச்சல் கண்டு எழுந்தால், வயிறு மந்தமாக இருந்தால், மழை விடாமல் அடித்தால் வேறு என்ன கொடுப்பார்கள்? புளியைக் கரைத்து, மிளகும் சீரகமும் பூண்டும் தட்டிப் போட்டு, நுரை கட்டும்போது இறக்குவார்கள். வீட்டில் பருப்பு வெந்து கொண்டிருந்தால் அதன் மேல் தெளிந்து நிற்கும் நீரையும் ஊற்றுவார்கள். பருப்பு நீர் சேர்ந்தால் சற்றுக் கெட்டிப்படும். வயிற்றுக்கும் தெம்பாக இருக்கும். இந்தப் பருப்பு நீரை மறந்து விடாதீர்கள். கதையின் பிற்பகுதியில் அதற்கு வேலை இருக்கிறது.

1639-இல் ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பெனியார் சென்னைப்பட்டினத்தில் இடம் பெற்றுக் கோட்டை கட்டத் தொடங்கினர் என்பதை நீங்கள் பள்ளியில் படித்திருப்பீர்கள். கோட்டைக்குள் இருந்த வெள்ளையர் வீடுகளில் சமையல் செய்தவர்கள் உள்ளூர் ஆட்கள். அங்கேதான் ஒரு சிறு சிக்கல் எழுந்தது. ஆங்கிலேயர் விருந்தை சூப்பில் தொடங்குவார்கள். நம் முறையில் சூப் என்று ஒன்று கிடையாது. ரசமோ சாறோ எதுவானாலும் சோற்றில் ஊற்றிப் பிசைந்து உண்பதற்குரியது. தனியாகக் கிண்ணத்தில் ஊற்றிக் கரண்டியால் குடிக்கும் பழக்கம் நோயாளிக்கு மட்டும்தான். துரை சூப் கேட்கிறார். சமையற்காரர் யோசிக்கிறார். தம் வீட்டில் தெரிந்த மிளகுத்தண்ணீரை எடுத்து, அதில் ஆட்டெலும்போ கோழியோ வேகவைத்த சாற்றைக் கலந்து, வெங்காயத்தை நெய்யில் சிவக்க வறுத்துப் போட்டு, பக்கத்தில் ஒரு கிண்ணம் சோற்றையும் வைத்து அனுப்புகிறார். துரைக்குப் பிடித்துப் போகிறது.

இது நடந்த நாள் எது, வீடு எது என்று யாரும் எழுதி வைக்கவில்லை. ஒரே ஒருவர் செய்ததும் அன்று. பல வீடுகளில் பல கைகள் செய்து செய்து உருவானது என்று கொள்வதே சரி. ஆனால் ஒன்று என் மனத்தை உறுத்துகிறது. கென்னி ஹெர்பர்ட் என்ற ஆங்கிலப் படை அதிகாரி 1878-இல் சென்னை வாழ் வெள்ளையருக்காக ஒரு சமையல் நூல் வெளியிட்டார். மிளகு, தண்ணீர் என்ற இரு தமிழ்ச் சொற்களிலிருந்து இந்தப் பெயர் வந்தது என்பதை அதில் சரியாகவே குறித்திருக்கிறார். உள்ளூர் மக்கள் புளி, பூண்டு, கடுகு, வெந்தயம், மிளகு, கறிவேப்பிலை கொண்டு எளிமையாகச் செய்யும் முறையையும் முதலில் சொல்லிவிட்டுத்தான் துரைமார் முறைக்குப் போகிறார். நேர்மையான மனிதர்தான். ஆனால் அந்த நூலில் சமையற்காரர் எல்லாருக்கும் பொதுப் பெயராக ராமசாமி என்றே எழுதிக்கொண்டு போகிறார். எந்த வீட்டுச் சமையற்காரராக இருந்தாலும் அவர் ராமசாமிதான். நூலுக்கு ஆசிரியர் பெயர் இருக்கிறது. பண்டத்துக்குத் தமிழ்ப் பெயர் இருக்கிறது. அடுப்பு முன் நின்றவருக்கு மட்டும் பெயர் இல்லை.

மிளகுத்தண்ணீரைப் பற்றி ஆங்கிலத்தில் கிடைக்கும் மிகப் பழைய குறிப்பு விருந்து மண்டபத்திலிருந்து வந்ததன்று, சிறைச்சாலையிலிருந்து வந்தது. 1780 முதல் 1784 வரை மைசூரை ஆண்ட ஹைதர் அலிக்கும், அவருக்குப் பின் அவர் மகன் திப்பு சுல்தானுக்கும் ஆங்கிலேயருடன் போர் நடந்தது. ஆங்கிலேயர் பலர் சிறைப்பட்டனர். அப்படிப் பெங்களூர்ச் சிறையில் கிடந்த ஒருவர் தம் தலைவிதியை நொந்து பாடியதாக ஒரு பாட்டு 1784-இல் எழுந்தது. சிறையில் எங்களுக்குக் கிடைப்பது மிளகுத்தண்ணி, இல்லாவிட்டால் கஞ்சி என்று அதில் வருத்தப்படுகிறார். மிளகுத்தண்ணியும் கஞ்சியும் தண்டனையாகத் தெரிந்திருக்கிறது பாவம்! நம்மவருக்கு நாள்தோறும் அதுதானே சாப்பாடு என்று நினைத்தால் சிரிப்பும் வருகிறது. சிரித்து முடித்த பிறகு வேறு எண்ணமும் வருகிறது.

அவர் வருந்திப் பாடிய பண்டத்தை அவருடைய நாட்டார் சில ஆண்டுகளிலேயே காசு கொடுத்துக் குடிக்கத் தொடங்கினர். கம்பெனி வேலை முடிந்து ஊர் திரும்பிய துரைமார்களுக்கு இங்கிலாந்துச் சாப்பாடு சப்பென்றிருந்தது. லண்டனில் தை மாதக் குளிர் ஐந்து பாகைக்கு அருகில் இருக்கும். எலும்புக்குள் இறங்கும் அந்தக் குளிரில் அவர்களுக்குச் சென்னையின் நினைவு வந்தது. பாட்னாவில் பிறந்த தீன் முகமது என்பவர் 1810-இல் லண்டனில் இந்திய உணவு விடுதி ஒன்றைக்கூடத் திறந்தார். இரண்டே ஆண்டுகளில் நொடித்துப் போனார். விடுதி நிலைக்கவில்லை, ஆனால் சமையல் நூல்கள் வழியாக மிளகுத்தண்ணீர் நிலைத்து விட்டது. எலைசா ஆக்டன் என்ற அம்மையார் 1845-இல் எழுதிய நூலில் அது இருக்கிறது. 1861-இல் வெளியாகி ஆங்கில இல்லத்தரசிகள் கையில் வேதம்போல் விளங்கிய பீட்டன் அம்மையாரின் நூலிலும் இருக்கிறது.

பீட்டன் அம்மையார் சொல்லும் முறையைக் கேட்டால் வியப்படைவீர்கள். கோழி அல்லது முயல், கொழுப்பில்லாத பன்றி இறைச்சித் துண்டுகள் நான்கு, வெங்காயம் ஆறு, பூண்டு ஒரே ஒரு பல், அரைத்த வாதுமைப் பருப்பு, கறித்தூள் இரண்டு மேசைக்கரண்டி. புளியைக் காணோம். அதற்குப் பதிலாக எலுமிச்சை ஊறுகாய் அல்லது மாங்காய்ச் சாறு. பெயர் மட்டும் மிளகுத்தண்ணி. திருமணமாகி அயலூர் போன பெண் பத்தாண்டு கழித்து வேறு நடை, வேறு உடையில் வந்து நிற்பது போல இருக்கிறது அல்லவா? அவளைக் குறை சொல்ல முடியாது. போன இடத்தில் கிடைத்ததைக் கொண்டுதான் வாழ வேண்டும்.

கோழியும் முயலும் வாங்க எல்லார்க்கும் வசதி இருக்குமா? அங்கும் ஏழை உண்டு. நம் வீட்டுப் பருப்பு நீர் இங்கேதான் திரும்பவும் தலை காட்டுகிறது. துவரம் பருப்பு இங்கிலாந்தில் கிடைக்கவில்லை. ஆனால் எகிப்திலிருந்து வந்த சிவந்த பருப்பு கடைகளில் விற்றது. நாம் மைசூர் பருப்பு என்று சொல்லும் அதே பருப்புதான். இறைச்சி உண்ணாதவரும், உண்ண வழியில்லாதவரும் அந்தப் பருப்பை வெங்காயம், முள்ளங்கி வகைக் கிழங்குகள், கேரட் எல்லாவற்றோடும் குழைய வேகவைத்துக் குளிருக்குக் கெட்டியான சூப் செய்து கொண்டனர். அதில் கறித்தூள் சேர்த்தால் மல்லிகட்டானி. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் 1940-இல் தொடங்கி 1954 வரை பிரிட்டனில் உணவுப் பங்கீடு இருந்தது. அப்போது இறைச்சிக்குப் பதில் பருப்புதான் பல வீடுகளில் கை கொடுத்தது. பின்னர் ஹைன்ஸ் போன்ற நிறுவனங்கள் மல்லிகட்டானியைத் தகர டப்பாவிலும் அடைத்து விற்றன. சென்னைச் சட்டியில் பிறந்தது அங்காடித் தட்டில் ஏறி உட்கார்ந்து கொண்டது.

சூப் போனதோடு சொற்களும் போயின. ஆங்கிலேயர் இந்தியாவில் கற்றுக்கொண்ட சொற்களைத் தொகுத்து யூல், பர்னல் என்ற இருவர் 1886-இல் ஒரு பேரகராதி வெளியிட்டனர். இவர்களில் பர்னல் தஞ்சாவூரில் நீதிபதியாக இருந்தவர். நூல் அச்சாகும் முன்பே காலமாகிவிட்டார். அந்த அகராதியில் கறி இருக்கிறது, கஞ்சி இருக்கிறது, கட்டுமரம் இருக்கிறது, சுருட்டு இருக்கிறது. மிளகுத்தண்ணியும் இருக்கிறது. சென்னை மாகாணத்தில் வேலை பார்த்த வெள்ளையரை மற்ற மாகாணத்து வெள்ளையர் 'மல்' என்று கேலியாக அழைப்பார்களாம். மிளகுத்தண்ணி குடிப்பவன் என்பதன் சுருக்கம். அதே அகராதியில் இன்னொரு சொல்லும் இருக்கிறது. அது கூலி. இந்தச் சொல் தமிழிலிருந்து போனது என்பாரும் உண்டு. குஜராத்தில் வாழும் கோலி என்ற மக்களின் பெயரிலிருந்து வந்தது என்பாரும் உண்டு. தமிழில் கூலி என்பது செய்த வேலைக்குக் கிடைக்கும் ஊதியம். ஆங்கிலத்தில் அது வேலை செய்யும் ஆளின் பெயராகிவிட்டது. ஊதியத்தைக் குறித்த சொல் மனிதனைக் குறிக்கத் தொடங்கியபோது நம் பாட்டன்மார் கப்பலேறினர்.

ரப்பர் தோட்டங்களுக்கு ஆள் சேர்த்த கங்காணி முறையைப் பற்றி வேறொரு பேச்சில் விரிவாகச் சொல்ல வேண்டும். நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் கப்பலேறிப் பினாங்கில் இறங்கினார்கள் என்பது மட்டும் இங்கே போதும். 1926 முதல் 1970-களின் தொடக்கம் வரை ஓடிய ரஜுலா கப்பலின் பெயரை வயதானவர்கள் இன்றும் சொல்வார்கள். தகரப் பெட்டியில் வேட்டி சேலையோடு புளி உருண்டையும் மிளகாய் வற்றலும் ஒரு மடிப்பு மிளகும் முடிந்து கொண்டு வந்தார்கள். பெட்டியில் இருந்தது சில மாதங்களில் தீர்ந்து போகும், பக்குவம் தீராது.

இப்படி ஒரே மிளகுத்தண்ணீர் இரு வழியாக மலாயா வந்து சேர்ந்தது. ஒன்று லயத்துக்கு, மற்றொன்று மலை மேல் இருந்த துரை பங்களாவுக்கு. துரைமார் பங்களாக்களிலும் அரசாங்க ஓய்வு விடுதிகளிலும் பெரிய ஓட்டல்களிலும் மல்லிகட்டானி சூப் வழக்கமான பண்டம். அங்கே சமைத்தவர்களில் பலர் ஹைனான் தீவிலிருந்து வந்த சீனர்கள்; நம்மவர் 'குக்கி' என்பார்கள். தமிழ்ச் சமையற்காரரிடம் வெள்ளையர் கற்றதைச் சீனச் சமையற்காரர் வெள்ளையருக்குச் சமைத்துக் கொடுத்தார். என் பாட்டியின் தங்கை ஒரு பங்களாவில் ஆயா வேலை பார்த்தவர். ஒருநாள் குசினியில் மீந்திருந்த சூப்பைக் குக்கி அவரிடம் கொடுக்க, ஒரு வாய் குடித்துப் பார்த்துவிட்டு, "என்னய்யா இது, மொளவுத்தண்ணியில மாவைக் கரைச்சு வச்சிருக்கீங்க?" என்று கேட்டாராம். குக்கிக்கு அந்தத் தமிழ் புரியவில்லை. இதைத் தான் சாகும்வரை சொல்லிச் சொல்லிச் சிரிப்பார் சின்னப்பாட்டி.

கீழே லயத்தில் அது வேறு விதமாக இருந்தது. பால்மரம் வெட்டும் குடும்பங்களுக்கு மழை என்றால் என்ன என்பதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் இன்றைய பிள்ளைகளுக்காகச் சொல்கிறேன். மரம் நனைந்திருந்தால் வெட்ட முடியாது. வெட்டிய பிறகு மழை பிடித்துக்கொண்டால் மங்கில் சேர்ந்த பாலும் நீரோடு வழிந்து போகும். அதிகாலையில் பெரட்டுக்குப் போய்விட்டு வேலையில்லை என்று திரும்பி வருவார்கள். நாட்சம்பளமாக இருந்த காலத்தில் வேலை இல்லாவிட்டால் காசும் இல்லை. ஐப்பசி கார்த்திகையில் வடகிழக்குப் பருவக் காற்று கிளம்பினால் கிழக்குக் கரைப் பக்கத்துத் தோட்டங்களில் நாள்கணக்கில் இப்படியே போகும். கேமரன் மலைத் தேயிலைத் தோட்டங்களில் மழையோடு குளிரும் சேர்ந்து கொள்ளும். இரவில் பதினைந்து பாகை வரை இறங்குவது அங்கே சாதாரணம். உடம்புக்குச் சூடு வேண்டும், கையில் காசு இல்லை என்ற அந்த நாட்களில் அடுப்பில் ஏறியது பருப்புத் தண்ணிதான். கடனுக்குக் கிடைக்கும் பருப்பில் ஒரு பிடி, நிறைய நீர், மிளகு, பூண்டு, வேலியோரத்து முருங்கைக்கீரை. பிள்ளைகளுக்கு அடியில் தங்கிய கெட்டி. பெரியவர்களுக்கு மேலே நின்ற தெளிவு. இந்தப் பங்கீட்டைச் செய்தவர்கள் தாய்மார்கள். தமக்கென்று எதை எடுத்தார்கள் என்று நாம் யாரும் சட்டியை எட்டிப் பார்த்ததில்லை.

அதுவும் இல்லாத காலம் ஒன்று வந்தது. 1942 பிப்ரவரி 15-ஆம் நாள் சிங்கப்பூர் ஜப்பானியர் கையில் விழுந்தது. 1945 செப்டம்பரில் பிரிட்டிஷார் திரும்பி வரும்வரை இந்தியாவோடு கப்பல் போக்குவரத்து அறுந்து போயிற்று. பருப்பு எங்கிருந்து வரும்? அரிசியே அரிதாகி மரவள்ளிக்கிழங்கு உணவாயிற்று. சயாம் ரயில் பாதைக்குப் பிடித்துக்கொண்டு போகப்பட்ட தோட்ட மக்களின் கதை தனி. லயத்தில் எஞ்சி இருந்தவர்கள் பருப்பு இல்லாமல், கிடைத்த கீரையை வேகவைத்த நீரில் உப்பும் காரமும் சேர்த்துக் குடித்தார்கள். போர் முடிந்து மறுபடியும் கடையில் பருப்பைக் கண்ட அன்று, விலை கேட்காமல் கையில் அள்ளிப் பார்த்ததாக என் பாட்டி சொல்லியிருக்கிறார்.

இந்தப் பருப்பின் ஊர் எது? மைசூர் பருப்பு என்ற பெயரைக் கேட்டு மைசூரில் விளைவது என்று நினைத்து விடாதீர்கள். வட இந்தியாவில் இதற்கு மசூர் என்று பெயர். அந்த மசூர்தான் நம் வாயில் மைசூர் ஆயிற்று என்பர். இது குளிர்காலப் பயிர். வட இந்தியாவில் மழைக்காலம் முடிந்து பனி தொடங்கும்போது விதைத்து வெயில் ஏறும்போது அறுப்பார்கள். நம் நாட்டு வெப்பத்துக்கும் ஈரத்துக்கும் இது ஒத்து வராது. மேற்கு ஆசியாவில், இன்றைய துருக்கி, சிரியா நாடுகள் உள்ள பகுதியில், சுமார் 10,000 ஆண்டுகளுக்கு முன் மனிதன் முதன்முதலாக உழவு தொடங்கியபோது கோதுமை, வாற்கோதுமையோடு பயிரிட்டவற்றில் இதுவும் ஒன்று. சிந்துவெளி மக்களும் இதை உண்டனர். விவிலியத்தில் ஏசா என்பவன் பசி தாங்காமல் தன் மூத்த மகன் உரிமையை விட்டுக் கொடுத்து வாங்கிக் குடித்தது இந்தச் சிவந்த பருப்புக் கூழ்தான். கிறித்தவ அன்பர்களுக்கு அந்தக் கதை நன்றாகத் தெரியும். ரோமாபுரியில் வத்திக்கான் பேராலய முற்றத்தில் இன்றும் நிற்கும் எகிப்தியக் கல் தூணை, கலிகுலா மன்னன் காலத்தில் கப்பலில் கொண்டு வந்தபோது, கப்பல் ஆடாமல் இருக்க அடியில் கொட்டியது பருப்பு மூட்டைகள் என்று பிளினி என்ற ரோமானிய அறிஞர் எழுதியிருக்கிறார். மூக்குக் கண்ணாடியிலும் படப்பெட்டியிலும் இருக்கும் வில்லைக்கு 'லென்ஸ்' என்று பெயர் வந்ததும் இதனால்தான். லத்தீன் மொழியில் லென்ஸ் என்றால் இந்தப் பருப்பு. வடிவ ஒற்றுமை கண்டு கண்ணாடிக்கு அப்பெயரை வைத்தார்கள். இன்று உலகச் சந்தைக்கு இதை மிகுதியாக அனுப்பும் நாடு எது தெரியுமா? கனடா. அங்கே சஸ்காச்சுவான் மாநிலத்துக் கோதுமை உழவர்கள் 1970-களில்தான் பெரிய அளவில் இதில் இறங்கினார்கள்.

தோட்டத்துக்கு இந்தப் பருப்பு ஏன் ஒத்துப் போயிற்று என்பதற்குக் காரணம் இருக்கிறது. துவரம் பருப்பு வேக நேரமாகும். கடலைப் பருப்பு இன்னும் நேரமாகும். தோல் நீக்கி உடைத்த மைசூர் பருப்போ ஊறவைக்காமலே இருபது நிமிடத்தில் குழைந்து விடும். விறகு மிச்சம். வேலைவிட்டு வந்து பசியோடு நிற்கும் பிள்ளைக்கு நேரமும் மிச்சம். இதில் நூற்றுக்கு இருபத்துநான்கு பங்கு அளவுக்குப் புரதம் உண்டு. அரிசியில் குறைவாக இருக்கும் சத்தைப் பருப்பும், பருப்பில் குறைவாக இருக்கும் சத்தை அரிசியும் நிறைவு செய்கின்றன. பருப்பு ஏழையின் உணவு என்று முகம் சுளித்துக்கொண்டு, பள்ளிச் சிற்றுண்டிச் சாலையில் பொட்டலத்து உப்பு நொறுக்குகளை வாங்கித் தின்னும் பிள்ளைகளை நான் நாள்தோறும் பார்க்கிறேன். அவர்களிடம் சத்துக் கணக்குச் சொன்னால் காதில் ஏறுவதில்லை. மல்லிகட்டானி கதையைச் சொன்னால் மட்டும் உட்கார்ந்து கேட்கிறார்கள்.

இனிச் சமையல். மழை நாளில் ஐந்து பேர் உள்ள வீட்டுக்கு வயிறு நிறைய ஆகும் அளவைச் சொல்கிறேன். எழுதிக் கொள்கிறவர்கள் எழுதிக் கொள்ளலாம்.

மைசூர் பருப்பு 200 கிராம் எடுத்து, நீர் தெளியும்வரை மூன்று நான்கு முறை கழுவுங்கள். ஏழு கோப்பை நீரில், கால் தேக்கரண்டி மஞ்சள் தூளோடு அடுப்பில் ஏற்றுங்கள். கொதி வந்ததும் மேலே வெண்ணுரை பொங்கும். அதைக் கரண்டியால் எடுத்து விடுங்கள். ஒரு கேரட்டையும் ஓர் உருளைக்கிழங்கையும் சிறு சிறு துண்டாக நறுக்கிப் போட்டு, தீயைக் குறைத்துப் பாதி மூடி வையுங்கள். முழுதும் மூடினால் பொங்கி அடுப்பை நனைத்து விடும்.

அது வேகும் நேரத்தில் ஒரு தேக்கரண்டி மிளகு, ஒரு தேக்கரண்டி சீரகம், ஆறு பல் பூண்டு, கட்டைவிரல் நுனி அளவு இஞ்சி இவற்றை இடிகல்லில் தட்டிக் கொள்ளுங்கள். கடைத்தூள் வேண்டாம், மிளகின் மணம் இடித்த சிறிது நேரத்திலேயே பறக்கத் தொடங்கி விடும். சரவாக்கில் விளையும் மிளகு உலகப் புகழ் பெற்றது. நம் நாட்டிலேயே கிடைக்கிறது.

பருப்பு நன்றாகக் குழைந்த பின்பே புளிப்புச் சேர்க்க வேண்டும். இதில் பலர் அவசரப்படுகிறார்கள். புளியோ தக்காளியோ முன்னமே விழுந்தால் பருப்பும் கிழங்கும் இறுகி வேக மறுக்கும். எவ்வளவு விறகு எரித்தாலும் விதை விதையாக நிற்கும். குழைந்ததும் மத்தால் லேசாகக் கடைந்து, நறுக்கிய இரண்டு தக்காளியையும் சுண்டைக்காய் அளவு புளியைக் கரைத்த நீரையும் உப்பையும் சேர்த்து ஐந்து நிமிடம் கொதிக்க விடுங்கள். முருங்கைக்கீரை இருந்தால் ஒரு கைப்பிடி போடுங்கள். கீரையிலும் பருப்பிலும் உள்ள இரும்புச் சத்தை உடல் ஏற்க, புளிப்புக் காய்கள் துணை செய்கின்றன. சோகை கண்ட பெண்கள் இறக்கியபின் சிறிது எலுமிச்சைச் சாறு பிழிந்து கொள்வது இன்னும் நல்லது.

வேறொரு சட்டியில் இரண்டு கரண்டி எண்ணெய் விட்டுக் கடுகு, இரண்டு வற்றல் மிளகாய், கறிவேப்பிலை தாளித்து, மெல்லியதாக அரிந்த பெரிய வெங்காயம் இரண்டைப் பொன்னிறம் தாண்டிச் சற்றுச் சிவக்கும்வரை வதக்குங்கள். இந்தச் சிவந்த வெங்காயம்தான் சென்னைத் துரை வீட்டுக் குசினி நமக்குத் திருப்பிக் கொடுத்த பாடம். தட்டிய மிளகுக் கலவையை அதில் போட்டு ஒரு புரட்டுப் புரட்டி, அப்படியே கொதிக்கும் பருப்பில் கொட்டி, இரண்டு நிமிடத்தில் இறக்கி விடுங்கள். தேங்காய்ப் பால் வேண்டுவோர் இறக்கும் தறுவாயில் அரைக் கோப்பை ஊற்றலாம். ஊற்றிய பிறகு கொதிக்க விட வேண்டாம், திரிந்து விடும்.

சோற்றில் ஊற்றியும் உண்ணலாம். ரொட்டித் துண்டைத் தோய்த்தும் உண்ணலாம். மங்கில் ஊற்றிச் சூட்டோடு குடிக்கவும் செய்யலாம். ஆறினால் கெட்டிப்பட்டுக் கூழாகிவிடும். மறுநாள் காலை அதில் ஒரு கோப்பை வெந்நீர் விட்டுக் கலக்கிச் சூடாக்கினால், மழை இன்னும் விடாதிருந்தால், அன்றைக்கும் ஆயிற்று.